காத்திருக்க வல்லவனின் கணக்கு

1799ஆம் ஆண்டிலே, நியூ யோர்க் நகரின் குடியிருப்பு எல்லைக்கு வெகு தூரம் அப்பாலே கிடந்த 20 ஏக்கர் அளவான நிலத்தை ஜோன் தொம்சன் என்னும் கமக்காரன் ஒருவன் நகரசபையிடமிருந்து விலைக்கு வாங்கினான். அவன் கொடுத்த விலை ஏறக்குறைய 2,600 டொலர். அதன் நடுவே சிற்றாறு ஒன்று ஓடியது. ஐரோப்பியர் வருமுன்னர் லெனாப்பே மக்கள் வேட்டையாடித் திரிந்த தீவு அது. 1827இல் அதே நிலம் வில்லியம் அஸ்டர் என்பவனுக்கு 20,500 டொலருக்குக் கைமாறிற்று. அஸ்டர் அந்நிலத்தை உழவுமில்லை. அதில் ஒரு மரத்தைத்தானும் நாட்டியதாகத் தெரியவில்லை. அவன் செய்த தொழில் ஒன்றே: காத்திருந்தான். அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளும் காத்திருந்தனர். நகரமோ ஆண்டுக்கொரு தெருவாக வடக்கு நோக்கி நடந்து வந்தது. கமத்தின் மேல் மாளிகைகள் எழுந்தன. மாளிகைகள் இடிக்கப்பட்டு 1893இல் வால்டோர்ப் என்றும் 1897இல் அஸ்டோரியா என்றும் இரு ஹோட்டல்கள் எழுந்து, பின் ஒன்றாயின. 1929இல் அப்பழைய கமத்தின் ஒரு துண்டு, அதாவது 84,000 சதுர அடி, நம்முடைய அளவிற் சொன்னால் 308 பேர்ச் நிலம், ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் டொலர் பெறுமதியுடையதாகக் கணக்கில் எழுதப்பட்டது.

இப்பெருக்கம் எங்கிருந்து வந்தது? மண் அதே மண். அதன் பரப்பு குறைந்ததேயன்றிக் கூடவில்லை. குடிநீர்க் குழாய் புதைத்தவனும், வீதிக்குக் கல் பதித்தவனும், சுரங்க ரயிற் பாதை தோண்டிய இத்தாலியக் கூலியாளும், தையற்சாலையில் இராப்பகலாய்க் கண்விழித்த யூதப் பெண்ணும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஐரிஷ்காரனும் சேர்ந்து ஆக்கிய பெறுமதி அது. ஆக்கியவர் பலர், உறுதியிற் பெயர் எழுதப்பட்டவன் ஒருவன். 1879இலே ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலை எழுதிய ஹென்றி ஜோர்ஜ் இவ்வுண்மையையே தன் வாழ்நாள் முழுதும் பேசினார். 1886ஆம் ஆண்டு நியூ யோர்க் நகரபிதா தேர்தலிலே தொழிலாளர் வேட்பாளராக நின்று இரண்டாம் இடத்தைப் பெற்றார். பின்னாளில் ஜனாதிபதியாக வந்த தியோடோர் ரூஸ்வெல்ற் அவருக்குப் பின்னே மூன்றாவதாக வந்தார் என்பதை இக்காலத்தவர் மறந்துவிட்டனர்.

இந்த 308 பேர்ச் நிலத்தின் மீதுதான் எம்பயர் ஸ்டேற் கட்டடம் நிற்கிறது. அதன் உயரத்தைப் பற்றி நம் பாடப்புத்தகங்களும் பொது அறிவு நூல்களும் போதிய அளவு எழுதிவிட்டன. 102 மாடி, 1,250 அடி என்று மாணவர் மனனஞ் செய்கின்றனர். எதற்காக அத்தனை மாடி, எவருடைய பணத்தில், எவருடைய இலாபத்துக்காக என்ற வினாக்களை ஒருவரும் கேட்பதில்லை. வாடகைக்கு விடுவதற்காகவே கட்டப்படும் கட்டடம் ஒன்றின் பிறப்பையும் நோயையும் பிழைப்பையும் அறிய இதனினும் சிறந்த உதாரணம் வரலாற்றில் இல்லை. இலக்கியச் சஞ்சிகையிலே கணக்குவழக்கு எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஆனால் காலிமுகத்திடலின் அயலிலே கோபுரங்கள் எழுந்ததையும், கொம்பனித்தெருவின் பழைய குடிகள் பெயர்க்கப்பட்டதையும், 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் போது பாதியிற் கைவிடப்பட்ட சீமெந்து எலும்புக்கூடுகளையும் கண்டவர்கள் நாம். கவிதை எழுதுவோரும் அந்நகரத்திலேதான் வாழ்கின்றனர்.

முதலிற் கணக்கின் அடிப்படையைக் காண்போம். அது அத்தனை கடினமானதன்று; கடை வைத்திருக்கும் எவருக்கும் விளங்கக் கூடியதே. ஒருவன் கந்தோர்க் கட்டடம் ஒன்றைக் கட்ட எண்ணுகிறான் என்போம். வாடகைக்கு விடக்கூடிய பரப்பு எவ்வளவு, சதுர அடிக்கு என்ன வாடகை கிடைக்கும் என்று முதலிற் கணிப்பான். எல்லா அறைகளும் எந்நாளும் நிறைந்திரா. ஆகவே வெறுமையாய்க் கிடக்கும் பகுதிக்கென ஒரு பங்கைக் கழிப்பான். துப்புரவு, காவல், நிலக்கரி, மின்தூக்கி, காப்புறுதி, சோலைவரி ஆகியவற்றுக்கான செலவையுங் கழிப்பான். எஞ்சுவது தேறிய வருமானம். அது ஆண்டொன்றுக்கு 10 இலட்சம் என்றும், முதலிட்ட பணத்துக்கு 10 வீத வருவாய் வேண்டுமென முதலீட்டாளர் எதிர்பார்க்கின்றனர் என்றும் கொண்டால், அக்கட்டடமும் நிலமும் சேர்ந்து 1 கோடி பெறும். கட்டும் செலவு, கட்டிமுடியும் வரையுள்ள வட்டி, கட்டுபவனின் இலாபம் எல்லாம் சேர்ந்து 70 இலட்சம் ஆகுமெனில், நிலத்துக்குக் கொடுக்கக் கூடியது 30 இலட்சம். அவ்வளவே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நிலத்தின் விலை அதிகமாயிருப்பதால் வாடகை ஏறுகின்றது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மை தலைகீழானது. வாடகை ஏறும் என்ற நம்பிக்கைதான் நிலத்துக்கு விலையாகின்றது. மேற்சொன்ன கணக்கில் தேறிய வருமானம் 11 இலட்சமாக ஏறினால் மொத்தப் பெறுமதி 1 கோடி 10 இலட்சமாகும். கட்டும் செலவு மாறாது. நிலத்தின் பங்கு 40 இலட்சமாகிவிடும். வருமானம் பத்திலொரு பங்கு கூட, நிலவிலை மூன்றிலொரு பங்கு கூடுகின்றது! மறுதலையாக வருமானம் 9 இலட்சத்துக்கு இறங்கினால் நிலம் 20 இலட்சமாகச் சுருங்கும். 7 இலட்சத்துக்கு வந்தாலோ நிலத்தின் விலை சூனியம். எஞ்சியதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் பாத்திரம் நிலமே. ஆதலால் ஏற்றமும் இறக்கமும் அதிலேதான் பன்மடங்காய்த் தோன்றும். நகரங்களிலே கட்டடம் கட்டிச் சூதாடுவோரின் குறி கட்டடத்தின் மேலன்று, நிலவாடகையின் மேலேயே என மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாந் தொகுதியிற் கண்டு கூறியதன் பொருள் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்.

இனி மாடிகளுக்கு வருவோம். நிலத்துக்குக் கொடுத்த விலை ஒரு முறை கொடுத்ததே. எத்தனை மாடி எழுப்பினும் அது கூடுவதில்லை. எனவே மாடி கூடக்கூட ஒவ்வொரு மாடியின் தலையிலும் விழும் நிலச்சுமை குறையும். இந்த நியாயத்தை முடிந்த மட்டும் நீட்டிப் பார்த்ததன் விளைவே 1915இல் நியூ யோர்க்கின் தென்கோடியில் எழுந்த ஈக்குவிற்றபிள் கட்டடம். ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்திலே 38 மாடி. ஏறத்தாழ 12 இலட்சம் சதுர அடிப் பரப்பு. வீதியின் ஓரத்திலிருந்து நேரே செங்குத்தாக எழுந்து, அயற்கட்டடங்களுக்குக் கதிரவனை மறைத்தது. வெளிச்சம் போனதும் அயற்காரரின் வாடகையும் போயிற்று. ஏழைகளின் சேரியில் ஒளியில்லை என்று சீர்திருத்தக்காரர் பல்லாண்டு கூக்குரலிட்டும் மெதுவாகவே அசைந்த நகரசபை, ஆதனக்காரரின் ஒளி மறைந்தவுடன் அடுத்த ஆண்டிலேயே விரிவான சட்டம் இயற்றியது. 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடங்கள் மேலே செல்லச் செல்லப் படிப்படியாகப் பின்வாங்க வேண்டும். நிலப்பரப்பின் காற்பங்கின் மேல் மாத்திரம் எவ்வளவு உயரத்துக்கும் கோபுரம் எழுப்பலாம். நியூ யோர்க் கட்டடங்களின் படிக்கட்டுத் தோற்றத்தைக் கலைஞரின் கற்பனை என வியப்போர் உளர். அது சட்டமும் வாடகையும் சேர்ந்து வரைந்த கோடு.

உயரம் கூடக்கூட இலாபம் கூடிக்கொண்டே போகுமா? போகாது. உயரத்துக்கேற்ப மின்தூக்கிகள் பெருகவேண்டும்; அவை ஒவ்வொன்றும் கீழ்மாடிகள் அனைத்திலும் வாடகைக்கு விடக்கூடிய இடத்தை விழுங்கும். காற்றைத் தாங்க உருக்குத் தடிக்க வேண்டும். கோபுரம் ஒடுங்குவதால் மேல்மாடிகளிற் பரப்புக் குறையும். எந்த மாடியில் நிறுத்துவது இலாபம் என்பதை அறிய, டபிள்யூ. சி. கிளார்க், ஜே. எல். கிங்ஸ்ரன் என்னும் இருவர் ஆராய்ந்து 1930இல் நூலொன்று வெளியிட்டனர். கிராண்ட் சென்றல் ரயில் நிலையத்தின் எதிரே 81,000 சதுர அடி நிலம், சதுர அடி 200 டொலர் என்று கற்பித்துக்கொண்டு எட்டு வகைக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டனர். 8 மாடி கட்டினால் வருவாய் 4.22 வீதம், 15 மாடிக்கு 6.44; 30 மாடிக்கு 8.50; 50 மாடிக்கு 9.87, 63 மாடிக்கு 10.25, 75 மாடிக்கு 10.06. ஆகவே 63 மாடியே உச்சப்பலன் என்பது முடிவு.

கணக்கிற் பிழை இல்லை. கிளார்க் தேர்ந்த பொருளியலறிஞர். ஆயினும் கணக்கை யார் போடுகின்றார் என்பதையும் நோக்கவேண்டும். நூலை வெளியிட்டது அமெரிக்க உருக்குக் கட்டுமான நிறுவகம். கட்டடம் உயர்ந்தால் உருக்கு விற்கும். கிளார்க் வேலை பார்த்ததோ எஸ். டபிள்யூ. ஸ்ட்ராஸ் என்னும் கம்பனியில். அது இத்தகைய கட்டடங்களை ஈடாகக் காட்டிப் பொதுமக்களிடம் கடன் முறிகள் விற்பதைத் தொழிலாகக் கொண்டது. அவர்கள் இலக்கங்களைத் திரித்தனர் என்று நான் சொல்லவில்லை. அக்கணக்கின் அத்திவாரத்தில் ஓர் எடுகோள் கிடந்தது. அதை எவரும் தட்டிப் பார்க்கவில்லை. இன்றைய வாடகை நாளையும் கிடைக்கும் என்பதே அவ்வெடுகோள். ஒருவன் கட்டும்போது அது உண்மையாயிருக்கலாம். அதே கணக்கைப் பார்த்து நூறு பேர் ஒரே காலத்திற் கட்டத் தொடங்கினால், நூறு கட்டடமும் எழுந்து நிற்கும் நாளிலே பழைய வாடகை எங்கிருந்து வரும்? தனித்தனியே சரியான கணக்குகள் கூடிப் பொதுவிற் பொய்க்கணக்காய் முடிவது முதலாளித்துவத்தின் அராஜகத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

வால்டோர்ப்-அஸ்டோரியா ஹோட்டலை 1928இன் இறுதியில் முதலில் வாங்கப் புகுந்தவர் பிளொயிட் பிறவுண் என்னும் கட்டடத் தொழிலதிபர். முற்பணத்தைக் கடன்பட்டுக் கொடுத்தார். அடுத்த தவணைக்குப் பணம் திரட்ட இயலவில்லை. தவணை தவறிற்று; வாய்ப்பும் தவறிற்று. கடன் கொடுத்த வங்கியின் தலைவர் புதிய கூட்டாளிகளைத் தேடியபோது முன்வந்தவரே ஜோன் ராஸ்கொப். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் நிதிப் பொறுப்பிலிருந்து பெருஞ்செல்வம் திரட்டியவர். 1928இல் ஜனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டுத் தோற்ற அல் சிமித்தின் நண்பர். தேர்தலில் தோற்றவருக்கு ஒரு பதவி வேண்டியிருந்தது; கட்டடத்துக்கு மக்கள் விரும்பும் முகம் ஒன்று வேண்டியிருந்தது. சிமித் கம்பனியின் தலைவரானார். 1929 ஓகஸ்ட் 29ஆந் தேதி, 80 மாடிக் கட்டடம் எழப்போகின்றது என அவர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்குள் பங்குச் சந்தை சரிந்தது.

சரிந்த பின்னும் ஏன் நிறுத்தவில்லை? இக்கேள்விக்கு விடை கணக்கிலேயே உண்டு. நிலத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று. ஹோட்டலை இடிக்கத் தொடங்கியாயிற்று. வெறுநிலமாய் விட்டாலும் சோலைவரியும் வட்டியும் நில்லா. மெற்றோபொலிற்றன் லைவ் என்னும் ஆயுட் காப்புறுதிக் கம்பனி 2 கோடி 75 இலட்சம் டொலரை ஈட்டுக்கடனாகத் தர முன்வந்தது. ஆயுட் காப்புறுதிக் கம்பனியின் பணம் யாருடையது? வாரந்தோறும் சில சதங்களைத் தவணையாகக் கட்டிய தொழிலாளி குடும்பங்களுடையதும் அதில் உண்டு. சாவுச் செலவுக்கென்று சேர்த்த சதங்கள் உருக்காகவும் சுண்ணக்கல்லாகவும் மாறி வானத்திலேறின.

கடனின் இயல்பை இவ்விடத்துச் சற்று விளக்குதல் தகும். நிலமும் கட்டடமும் சேர்ந்து முடிவில் ஏறத்தாழ 4 கோடி 10 இலட்சம் டொலர் ஆயிற்று. அதில் 2 கோடி 75 இலட்சம் கடன் என்றால், சொந்தக்காரர் தேட வேண்டியது 1 கோடி 35 இலட்சம். கடனுக்கு 6 வீத வட்டி என வைத்துக்கொண்டால் ஆண்டு வட்டி 16½ இலட்சம். கிளார்க் கண்ட 10.25 வீத வருவாய் உண்மையாகவே கிடைத்தால் வருமானம் 42 இலட்சம். வட்டி போக 25½ இலட்சம் மிஞ்சும். அது சொந்தப் பணத்துக்கு ஏறத்தாழ 19 வீதம். பிறன் பணத்தால் 10 வீதம் 19 வீதமாயிற்று. ஆனால் வருவாய் 4 வீதத்துக்கு இறங்கினால் முழுவதும் வட்டிக்கே சரி. சொந்தக்காரனுக்கு ஒரு சதமுமில்லை. அதற்குக் கீழே போனாலோ கைப்பணத்திலிருந்து கட்டவேண்டும். நல்ல காலத்தில் தூக்கிவிடும் அதே நெம்புகோல் கெட்ட காலத்தில் அடிக்கும்.

மேற்படி வட்டியை நாட்கணக்கிற் பிரித்தால் நாளொன்றுக்கு 4,500 டொலர் ஆகும். கட்டடம் முடியும் வரை வாடகை இல்லை. வட்டி மாத்திரம் உண்டு. ஆதலால் விரைவு என்பது பொறியியலின் பெருமையன்று, வட்டியின் சாட்டை. நியூ யோர்க்கிலே கந்தோர் வாடகை ஒப்பந்தங்கள் மே மாதம் முதலாந் தேதி தொடங்குவது வழக்கம். அந்நாளைத் தவறவிட்டால் குடிபுகுவோரிற் பெரும்பாலார் அடுத்த மே வரை வேறிடத்திலே தங்கிவிடுவர். ஓராண்டு வாடகை போய்விடும். ஆகவே 1931 மே 1 என்ற நாள் முதலிற் குறிக்கப்பட்டது. கட்டடம் அதற்கேற்ப வரையப்பட்டது. வரைஞர் வில்லியம் லாம்புக்கு இடப்பட்ட நிபந்தனைகள் சிலவே: குறித்த செலவு, குறித்த நாள், சுண்ணக்கல் முகப்பு, சாளரத்திலிருந்து 28 அடிக்கு மேற்பட்ட ஆழமுள்ள கந்தோர் இடம் கூடாது, அத்தகைய இடத்தை இயன்ற அளவு மாடிகளில் அடுக்க வேண்டும். 28 அடி ஏன்? குழல்விளக்கும் குளிரூட்டியும் பரவாத அக்காலத்திலே சாளரத்து ஒளி அதற்கப்பாற் செல்லாது. ஒளி செல்லாத இடத்துக்கு நல்ல வாடகை கிடையாது. கட்டடத்தின் வடிவத்தை உட்புறமிருந்து தீர்மானித்தது இந்த 28 அடியே.

1930 மார்ச் 17ஆந் தேதி உருக்குச் சட்டகம் எழத் தொடங்கிற்று. சிற்சில வாரங்களில் வாரத்துக்கு நாலரை மாடி ஏறிற்று. ஓகஸ்ட் மாதத்திலே ஒரே நாளில் 3,400க்கு மேற்பட்ட தொழிலாளர் அங்கு வேலை செய்தனர். ஒவ்வொரு தளத்திலும் சிறு தண்டவாளம் போட்டு வண்டியிற் செங்கல் தள்ளினர். மதிய உணவுக்குக் கீழிறங்கி ஏறினால் நேரம் வீணாகும் என்று இடையிடையே மாடிகளில் உணவுச்சாலைகள் வைக்கப்பட்டன. தொழிலாளியின் மேலுள்ள அன்பினாலன்று. கனடாவின் எல்லையிலிருந்து வந்த மோஹோக் இனத்தவர், நியூ பவுண்லாந்திலிருந்து வந்தவர், ஐரிஷ்காரர், இத்தாலியர் எனப் பலர். கம்பனியின் கணக்கிலே இறந்தவர் 5 பேர். பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவர்களைப் படம்பிடித்து அமெரிக்க மனச்சாட்சியைக் குத்திய லூயிஸ் ஹைன் அப்போது ஐம்பது வயதைக் கடந்தவர். கூடையிற் தொங்கிக்கொண்டு இத்தொழிலாளரைப் படம்பிடித்தார். அப்படங்கள் இல்லையேல் அம்முகங்களையும் நாம் அறியோம். சாத்தியக் கணக்கிலே தொழிலாளி ஒரே ஓர் இடத்தில், செலவுப் பத்தியில், தோன்றுகிறான். கட்டடம் முடிந்த மறுநாள் அவன் எங்கே போனான் என்பதற்குப் பத்தி இல்லை. 410 நாளில் முடிந்தது என்று உலகம் மெச்சிய அவ்விரைவு, வேலையற்றோர் வரிசையிற் போய் நிற்கும் நாளை அவனுக்கு விரைவாகக் கொண்டுவந்தது.

1931 மே 1ஆந் தேதி வாஷிங்டனிலிருந்து ஜனாதிபதி ஹூவர் விசையொன்றை அழுத்தக் கட்டடத்தின் விளக்குகள் ஒளிர்ந்தன. உலகத் தொழிலாளர் தமது தினத்தைக் கொண்டாடும் நாளிலே நிலக்கிழாரின் வாடகைத் தினத்துக்காக ஏற்றப்பட்ட விளக்கு அது. தவணை தவறவில்லை; செலவு மதிப்பீட்டினும் குறைந்தது. பொருள் மந்தத்தால் கூலியும் சாமானும் மலிந்தமையே காரணம். கட்டுவோனின் கோணத்தில் எல்லாம் செம்மையாக நிறைவேறின. ஒன்று மட்டும் குறை: குடியிருக்க ஆளில்லை. முதலாண்டில் 23 வீத இடமே வாடகைக்குப் போயிற்று. ‘எம்பயர்’ என்ற சொல்லை ‘எம்ட்டி’ என்று மாற்றி வெறுங்கட்டடம் என நகரத்தார் நகைத்தனர். மேல்மாடிகளில் ஆளிருப்பதாகக் காட்ட இரவில் விளக்கேற்றி வைப்பர் என்றும் சொல்லப்படுவதுண்டு. ஆகாயக் கப்பல்களைக் கட்டுவதற்கென உச்சியில் வைத்த கம்பம் ஆகாயக் கப்பலுக்கு உதவவில்லை. ஒரு டொலர் கொடுத்து உச்சியிலேறி ஊர் பார்க்க வந்த மக்களின் கட்டணமே சொந்தக்காரரின் கைக்கு உதவிற்று. வாடகை தராத நகரம் வேடிக்கை பார்க்கப் பணம் தந்தது.

மந்தம் மாத்திரம் காரணமன்று. இடமும் காரணம். 34ஆம் வீதி பெரிய ரயில் நிலையங்கள் இரண்டிற்கும் இடையே, இரண்டுக்கும் சற்று அப்பாலே கிடந்தது. கந்தோர்கள் நெருங்கிய பகுதி அதுவன்று. போட்டியும் காரணம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிலத்தை 1928இல் நீண்ட குத்தகைக்கு எடுத்துவிட்ட இளைய ரொக்பெல்லர், குத்தகைப் பணம் ஆண்டுதோறும் ஏறி நிற்க, நிறுத்தவும் மாட்டாமல் ரொக்பெல்லர் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அறைகளை நிரப்பிய வழி விநோதமானது. வேறு கட்டடங்களிற் குடியிருந்த கம்பனிகளை அழைத்து, பழைய ஒப்பந்தத்தின் எஞ்சிய வாடகையைத் தாமே பொறுப்பதாகக் கூறிக் குடியேற்றினர். ஒரு கட்டடத்தின் நிறைவு மற்றொன்றின் வெறுமை. 1934இல் ஓகஸ்ற் ஹெக்ஷர் என்னும் ஆதனக்காரர், என் குடிகளைக் கவர்ந்தனர் என்று 1 கோடி டொலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். கோடீசுவரர்கள் குடியிருப்போருக்காக நீதிமன்றம் ஏறிய அதே காலத்தில், அதே நகரத்தின் பூங்காவிலே வீடற்றோர் தகரக் குடிசை போட்டிருந்தனர்.

இப்புயலில் யார் வீழ்ந்தனர், யார் பிழைத்தனர்? ஸ்ட்ராஸ் கம்பனி வீழ்ந்தது. எம்பயர் ஸ்டேற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் அக்காலக் கட்டடங்கள் பலவற்றுக்கு அதுவே பால் கொடுத்த தாய். முதலிட்டவர் எவரும் ஒரு போதும் நட்டப்பட்டதில்லை என்பது அதன் விளம்பரம். புதிய முறி விற்ற பணத்தாற் பழைய முறிகளின் வட்டியைத் தீர்த்து அப்பெருமை காக்கப்பட்டது என்பது பின்னரே வெளியாயிற்று. 1930களின் தொடக்கத்தில் அது முறிந்தபோது அதன் முறிகளை வைத்திருந்தோர் பெரும் முதலாளிகள் அல்லர். ஆசிரியர், விதவையர், சிறு கடைக்காரர். அவர்களுக்கு அவ்வாண்டின் வட்டி அவ்வாண்டின் சோறு. முறியைக் கிடைத்த விலைக்கு விற்றனர். வாங்கியவன் காத்திருந்தான். கிளார்க்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் தாய்நாடாகிய கனடாவுக்கு மீண்டு, 1932 முதல் 1952இல் இறக்கும் வரை அந்நாட்டின் நிதியமைச்சிலே பிரதி அமைச்சர் என்னும் உயர்ந்த உத்தியோகத்தை வகித்தார். அரசாங்கம் வீடமைப்புக்குக் கடனுதவும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியவர்களுள் முக்கியமானவரும் அவரே. 63 மாடிக் கணக்கைப் போட்ட கையே சிறு வீட்டுக்கும் கணக்குப் போட்டது.

மெற்றோபொலிற்றன் லைவ் ஈட்டை மீட்க வழக்காடியிருக்கலாம். வழக்கில் வென்றால் கிடைப்பது வெறுங்கட்டடம். அதை வைத்து என்ன செய்வது? ஆகவே வட்டியிற் சலுகை காட்டிப் பொறுத்தது. சிறு கடனாளியின் வீட்டுக் கதவில் அறிவித்தல் ஒட்டுகின்ற கைக்குப் பெருங்கடனாளியிடம் இத்தனை பொறுமை. ராஸ்கொப்பும் தன் பிற செல்வத்திலிருந்து நட்டத்தைத் தாங்கினார். பிறவுணுக்கு ஒரு தவணைக்கும் இடம் கொடாத காலம் ராஸ்கொப்புக்கு இருபது ஆண்டு இடம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்க்கால அலுவலகங்களுக்கு இடம் வேண்டியிருந்தது. மந்தம் தொடங்கியபின் பதினைந்து ஆண்டாக மன்ஹற்றனிற் பெரிய கந்தோர்க் கட்டடங்கள் ஏறக்குறைய எழவேயில்லை; எனவே இருந்த இடமெல்லாம் நிறைந்தது. உச்சியிலிருந்த பயனற்ற கம்பத்தின் மேல் தொலைக்காட்சி அலைபரப்பி ஏறி, எவரும் கணக்கிடாத புது வாடகை தந்தது. ராஸ்கொப் 1950இல் இறந்தார். 1951இல் கட்டடம் 5 கோடி 10 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. இருபதாண்டு வட்டியையும் பணத்தின் மதிப்பு வீழ்ந்ததையும் எண்ணினால் அது பெரிய இலாபமன்று. எனினும் முதல் அழியவில்லை.

அவ்விற்பனையின் விதம் ஆராயத்தக்கது. அன்றுதான் நிலமும் கட்டடமும் இரண்டாகப் பிளவுண்டன. நிலத்தைப் புறூடென்ஷல் என்னும் மற்றொரு காப்புறுதிக் கம்பனி 1 கோடி 70 இலட்சத்துக்கு வாங்கி, கட்டடத்தை வாங்கியோருக்கே நீண்ட குத்தகைக்கு விட்டது. கட்டியவனுக்குக் கைப்பணம் குறைவாய்ப் போதும். காப்புறுதிக் கம்பனிக்கோ துப்புரவுமில்லை, குடிபிடிக்கும் தொல்லையுமில்லை, குத்தகை மாத்திரம் வரும். அஸ்டர் செய்த தொழிலை இப்போது ஒரு கம்பனி செய்தது. 1961இல் மேலும் ஒரு படி. லோறன்ஸ் வீன் என்னும் வழக்கறிஞரும் கூட்டாளிகளும் 10,000 டொலர் வீதம் 3,300 பங்குகளை விற்று 3 கோடி 30 இலட்சம் திரட்டினர். கட்டடமும் புறூடென்ஷலின் கைக்கு வந்தது. பங்காளர் கூட்டம் 114 ஆண்டுக் குத்தகை பெற்றது. அக்கூட்டம் அதை நடத்துகின்ற கம்பனிக்குக் கீழ்க்குத்தகை கொடுத்தது. அக்கம்பனி அறைகளை வாடகைக்கு விட்டது. ஓர் அறையில் தட்டெழுதும் பெண்ணின் உழைப்பிலிருந்து அவள் முதலாளி கட்டும் வாடகை நான்கு கைகளுக்கூடாக மேலேறிற்று.

2002இல் நிலமும் கட்டடமும் மீண்டும் கைமாறின. உலகறிந்த அக்கட்டடத்தின் அன்றைய விலை 5 கோடி 75 இலட்சம் டொலரே. இத்தனை மலிவு ஏன் என்று வியக்க வேண்டாம். பழைய குத்தகைப்படி உரிமையாளனுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்தது 20 இலட்சம் டொலருக்கும் குறைவு. அக்குத்தகை முடிய இன்னும் எழுபது ஆண்டுக்கு மேல் இருந்தது. உறுதியில் உரிமை எழுதப்பட்டவனிடம் கல்லும் உருக்கும் இருந்தன. குத்தகைக்காரனிடம் அடுத்த எழுபதாண்டு வாடகை இருந்தது. வாங்கியவர்களும் அக்குத்தகைக்காரர் தரப்பினரே. பிளந்ததை ஒட்டுவதற்காகவே வாங்கினர். ஒட்டியதும் முழுப் பெறுமதியும் திரும்பிற்று. 2013 ஒக்ரோபரில் அவ்வுரிமை பங்குகளாகக் கூறுபோடப்பட்டு நியூ யோர்க் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டது. 1961இல் 10,000 டொலர் கொடுத்தவர்களுட் பலர் அதற்குள் இறந்துவிட்டனர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கையொப்பமிட்டனர்.